ஏழாம் நம்பர் பாட்டில்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பணியில் இருக்கும் வேதியியல் ஆசிரியர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இதில் சொல்லப் போகிறேன்.

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"காப்பர், அம்மோனியா, அடர் நீலம். நிக்கல், டிஎம்ஜி, ரோஸ் சிவப்பு. ஃபெர்ரிக், தயோசயனேட், ரத்தச் சிவப்பு. லெட், பொட்டாசியம் அயோடைடு, மஞ்சள்."

ஒரு தப்பு இல்லை. 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியலும் இருக்கிறது. எந்த உலோக அயனிக்கு எந்த நிறம் என்று நான்கு விடை கொடுத்துக் கேட்பார்கள். நான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன்.

"அந்த மஞ்சள் வீழ்படிவைக் கொதிக்கிற தண்ணியில கரைச்சு ஆற வச்சா என்ன ஆகும்?"

"தங்கத் தூள் மாதிரி மின்னும் தாத்தா."

"பார்த்திருக்கியா?"

"யூடியூப்லயா?"

"டெஸ்ட் டியூப்ல."

"எங்க லேப் எப்பவும் பூட்டியேதான் இருக்கும். எக்ஸாமுக்கு எந்த சால்ட்னு முன்னாடியே சொல்லிடுவாங்களாம் தாத்தா, சீனியர்ஸ் சொன்னாங்க."

அதை அவள் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் லீவு விடுவார்கள் என்பது போல இயல்பாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

வேதியியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது நேர்மின் அயனி, எதிர்மின் அயனி என்று பிரிந்து நிற்கும். நேர்மின் அயனி பெரும்பாலும் ஒரு உலோகம். ஈயமா, செம்பா, இரும்பா, துத்தநாகமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அம்மோனியமா என்று பார்க்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: வெள்ளையாகப் படிந்தால் ஈயமாக இருக்கலாம். படியவில்லையா, அதே அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு: கறுப்பாகப் படிந்தால் செம்பாக இருக்கலாம். அதுவும் இல்லையா, அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும்: செம்பழுப்பு வந்தால் இரும்பு, வெள்ளைக் கூழ் வந்தால் அலுமினியம். அதற்கும் படியாதவை அடுத்த தொகுதிக்குப் போகும். அங்கேதான் துத்தநாகம், நிக்கல், மாங்கனீசு எல்லாம் காத்திருக்கும். அதன் பின் கால்சியம், பேரியம். கடைசியில் மெக்னீசியம்.

இந்த வரிசையை யாரோ மனம்போனபடி எழுதிவைக்கவில்லை. மூன்றாம் தொகுதியில் அம்மோனியாவுக்கு முன்னால் அம்மோனியம் குளோரைடு ஏன் சேர்க்கிறோம்? அது ஹைட்ராக்சைடு அயனியின் அளவை அமுக்கி வைக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்கே படிந்துவிடுபவை இரும்பும் அலுமினியமும் மட்டும்தான். அதைச் சேர்க்க மறந்தால் மெக்னீசியம்கூட அங்கேயே படிந்து ஆளைக் குழப்பிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். துத்தநாகம் என்று எழுத வேண்டுமானால் அதற்கு முன் நான்கு முறை 'இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நான்கு 'இல்லை'யும் உண்மையாக இருந்தால்தான் ஐந்தாவதாக வரும் 'ஆம்' உண்மை. இந்தப் பாடத்தின் சாரமே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2004 பிப்ரவரி. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. அப்போது வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. அந்த ஐம்பதுக்கு ஐம்பதும் எல்லோருக்கும் வந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நிர்வாகம் எதிர்பார்க்கும், பெற்றோர் எதிர்பார்ப்பார்கள், பக்கத்துப் பள்ளியில் போடுகிறார்கள் என்ற பேச்சும் வரும். ஆகவே தேர்வுக்கு முந்தின நாள் வகுப்பில் பட்டியல் வாசித்தேன். ஒன்றாம் நம்பர் இது, இரண்டாம் நம்பர் இது, ஏழாம் நம்பர் ஜிங்க் சல்ஃபேட்.

லேப் அட்டெண்டர் பணியிடம் அப்போது காலி. பாட்டில்களை நிரப்பி நம்பர் ஒட்டியதும் நானேதான், ராத்திரி எட்டு மணிக்கு மேல்.

மறுநாள் ஏழாம் நம்பர் நான்கு பேருக்கு வந்தது. மூன்று பேர் ஜிங்க் சல்ஃபேட் என்று எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் அலுமினியம் சல்ஃபேட் என்று எழுதியிருந்தாள்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் போய்க் காதோடு கடிந்துகொண்டேன். "ஏம்மா, நேத்து என்ன சொன்னேன்?"

"ஜிங்க்னு சொன்னீங்க சார். ஆனா அம்மோனியாவுல கரையவே இல்ல சார். சாம்பலும் நீலமாத்தான் வந்துச்சு."

"சரியா செஞ்சிருக்க மாட்டே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐம்பதுக்கு முப்பத்து நான்கு. அந்த வருடம் அந்தப் பள்ளியில் அதுதான் குறைந்த மதிப்பெண்.

அவள் சொன்னதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அலுமினியக் கரைசலிலும் துத்தநாகக் கரைசலிலும் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் இரண்டிலும் வெள்ளை வீழ்படிவு வரும். இன்னும் விட்டால் இரண்டிலும் கரைந்துபோகும். அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அம்மோனியாதான் பிரிக்கும். துத்தநாகம் அம்மோனியாவோடு சேர்ந்து அணைவு அயனியாகி மறுபடி கரைந்துவிடும். அலுமினியம் கரையாது, கூழாக அப்படியே நிற்கும். அப்புறம் சாம்பல் சோதனை. வடிதாளை உப்புக் கரைசலில் நனைத்து, கோபால்ட் நைட்ரேட் சொட்டு விட்டு எரித்தால், அலுமினியத்துக்கு நீலச் சாம்பல், துத்தநாகத்துக்குப் பச்சைச் சாம்பல். அந்தப் பதினேழு வயதுப் பெண் இரண்டு வெவ்வேறு வழிகளில் போய் ஒரே இடத்துக்கு வந்திருந்தாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஏழாம் நம்பர் பாட்டிலை எடுத்தேன். அம்மோனியா விட்டேன். கரையவில்லை. தாளை எரித்தேன். நீலம்.

அலமாரியில் இரண்டு டப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் வெள்ளைத் தூள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் டப்பாவை மாற்றி எடுத்திருக்கிறேன்.

அப்படியானால் மற்ற மூன்று பேரும்? விடைத்தாளில் என்ன எழுதியிருந்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம், சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. "நான்காம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு செலுத்த, மங்கிய வெள்ளை வீழ்படிவு வந்தது." இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று கிப்ஸ் உபகரணத்தில் இரும்பு சல்ஃபைடு தீர்ந்துபோயிருந்தது. காலையிலிருந்து ஒரு குமிழி வாயு வரவில்லை. வராத வாயுவைச் செலுத்தி, இல்லாத துத்தநாகத்திலிருந்து, வெள்ளை வீழ்படிவைக் 'கண்டு' எழுதியிருந்தார்கள். மூவருக்கும் முழு மதிப்பெண். அந்தப் பெண் மட்டும் "வாயு கிடைக்காததால் இச்சோதனை செய்யப்படவில்லை" என்று எழுதியிருந்தாள்.

மதிப்பெண் பட்டியலை உறையிலிட்டு எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் உடனே பேசியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். பேசவில்லை. பாட்டில் மாறிவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி என்ன வரும்? "அப்படியானால் மற்ற மூன்று பேர் எப்படி ஐயா ஜிங்க்கைக் கண்டுபிடித்தார்கள்?" அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை. அவரே வந்து "சார், நல்லா இருக்கீங்களா?" என்று பெயரைச் சொன்னார். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாராம். பையன் பத்தாவது.

"காலேஜ்ல கெமிஸ்ட்ரிதானே எடுத்தே?" என்று கேட்டேன், ஏதோ நினைப்பில்.

"இல்ல சார், பி.காம். கெமிஸ்ட்ரி ரொம்பப் பிடிக்கும். ஆனா எனக்குக் கை வராதுன்னு பிராக்டிகல்லயே தெரிஞ்சுபோச்சே."

பந்தியில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பா மாறியது, சாயங்காலம் எரித்துப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது, எல்லாம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ அந்த நீலச் சாம்பல் சரிதானா சார்?"

"சரிதாம்மா."

கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான். அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். உப்புப் பகுப்பாய்வு தேவையில்லை, காலாவதியான விஷயம் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். அணு உறிஞ்சல் கருவியும் அதற்கு மேலும் வந்துவிட்ட காலத்தில் சோதனைக் குழாயை ஆட்டிக்கொண்டிருப்பது எதற்கு என்கிறார்கள். பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நம் லேபில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வெள்ளை வீழ்படிவைத் தேடும் சோதனை, அந்த வரம்பைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஈயம் இருந்தாலும் ஒன்றும் காட்டாமல் நிற்கும். ஈயக் குளோரைடு கொஞ்சம் தண்ணீரில் கரையக்கூடியது, அதனால்.

ஆனால் இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 'தென்படவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. எந்தச் சோதனைக்கும் ஒரு கண்பார்வை உண்டு, அதற்குக் கீழே உள்ளது அதற்குத் தெரியாது. சோதனைக் குழாயைக் கையில் பிடித்த பிள்ளைக்கு இது சொல்லாமலே புரியும். பிடிக்காத பிள்ளை நாளைக்கு எந்த விலை உயர்ந்த கருவியின் முன் உட்கார்ந்தாலும், திரையில் வருவதை அப்படியே நம்பும்.

பங்களாதேஷில் மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் கலந்திருந்த கதை தெரிந்திருக்கும். நம் லேபில் ஈயத்தை உறுதிசெய்யப் பொட்டாசியம் குரோமேட் விட்டால் வரும் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு, அதே பொருள்தான். 2019இல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு முனைந்து ஆய்வு, அபராதம், விழிப்புணர்வு என்று இறங்கியதும் 2021இல் அது பூஜ்ஜியத்துக்கு வந்தது. கண்டுபிடிக்கக் கையடக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் உதவின, உண்மை. ஆனால் 'இந்த மஞ்சள் ஏன் இவ்வளவு மஞ்சளாக இருக்கிறது?' என்ற சந்தேகம் கருவிக்கு வராது. ஒரு மனிதருக்குத்தான் வர வேண்டும்.

இந்த முறைகளை ஒழுங்காக வரிசைப்படுத்தி 1841இல் புத்தகமாக்கியவர் கார்ல் ரெமிகியஸ் ஃபிரெசீனியஸ் என்ற ஜெர்மானியர். அப்போது அவருக்கு 22 வயது, மாணவர். கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்து, 1860இல், புன்செனும் கிர்க்காஃபும் டர்க்ஹைம் ஊற்று நீரைச் சுடரில் காட்டி நிறமாலையைப் பார்த்தார்கள். தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. பட்டியலில் இல்லையே, நாம்தான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பார்த்ததை எழுதினார்கள். சீசியம் என்ற தனிமம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

என் மாணவியும் பட்டியலில் இல்லாததைப் பார்த்து, பார்த்ததை எழுதினாள். நான் அவளிடம் "சரியா செஞ்சிருக்க மாட்டே" என்றேன்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் சார் என்று கேட்பீர்கள். நான்கு விஷயம்.

ஒன்று. உப்பின் பெயருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், உற்றுநோக்கலுக்குக் கூட்டுங்கள். ரெக்கார்டு நோட்டில் சோதனை, உற்றுநோக்கல், முடிவு என்று மூன்று கட்டம் போடுகிறோம். நடுக் கட்டம்தான் அறிவியல். அதைக் கண்ணால் பார்த்து எழுதிய பிள்ளை கடைசிக் கட்டத்தில் தவறினாலும் முக்கால்வாசி மதிப்பெண் கிடைக்கட்டும். அப்போது நமக்கும் முன்னாடியே சொல்லிவிட வேண்டிய நெருக்கடி இருக்காது.

இரண்டு. ஒரு நம்பர் பாட்டிலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி வையுங்கள். "எந்த உலோக அயனியும் தென்படவில்லை" என்று எழுதுகிற தைரியம் வந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். தேர்வுக்கு முன்பே 'அப்படி ஒரு பாட்டில் இருக்கலாம்' என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

மூன்று. ஆபத்தானவற்றை விட்டுவிடலாம். ஆர்செனிக், காட்மியம், பாதரசம் பிள்ளைகள் கையில் வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு, அதுவும் வேண்டாம். ஈயத்தை ஆசிரியர் செய்து காட்டினால் போதும். படிக்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஜிங்க் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் உரக்கடையில் கிடைக்கும். மயில்துத்தம் எங்கும் கிடைக்கும். வெள்ளை ஓட்டின் மேல் ஒரு சொட்டு உப்புக் கரைசல், ஒரு சொட்டு அம்மோனியா. கண்ணாடி அணிந்துகொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தால் ஒரு வகுப்புக்கே சில்லறைச் செலவுதான்.

நான்கு. அட்டெண்டர் பணியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். திறந்து திறந்து மூடிய பழைய அம்மோனியா பாட்டிலில் அம்மோனியா இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். அதை வைத்துச் சோதனை செய்யும் பிள்ளை உண்மையை எழுதினால் தோற்றுப்போகும். நேர்மையாக எழுது என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன்னால் நேர்மையான பாட்டிலைக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். நூறு சதவீதம், ஆய்வுக் கூட்டம், விளக்கக் கடிதம், எல்லாம் நானும் பார்த்தவன்தான். உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஒரு பிள்ளையிடம் "நீ பார்த்ததை விடு, நான் சொன்னதை எழுது" என்று சொல்லும்போது நாம் வெறும் மதிப்பெண் கொடுக்கவில்லை. தன் கண்ணை நம்பாதே என்று கற்றுக்கொடுக்கிறோம். அதைக் கற்றுக்கொண்ட மூன்று பேர் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினார்கள். கற்றுக்கொள்ள மறுத்த ஒருத்தி இருபது வருடம் தனக்குக் கை வராது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பேத்தி ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், கொஞ்சம் மயில்துத்தமும் ஒரு சின்ன அம்மோனியா பாட்டிலும் வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் வைத்து அவளையே சொட்டு விடச் சொன்னேன். முதல் இரண்டு சொட்டுக்கு வெளிர் நீலமாக, பாலைக் கலக்கியது போல ஏதோ திரண்டது. அவள் பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, அடர் நீலம்தானே வரணும்? வேற என்னவோ வருதே. தப்பாயிடுச்சா?"

அது செம்பின் ஹைட்ராக்சைடு. முதலில் அதுதான் வரும். இன்னும் விட்டால் கரைந்து அடர் நீலமாகும். அவள் படித்த ஒற்றை வரி விடையில் முதல் பாதி இல்லை.

"தப்பில்லம்மா. முதல்ல என்ன வந்துச்சோ அதை எழுது. அப்புறம் அடுத்த சொட்டு விடு."

எழுதினாள். விட்டாள். அடர் நீலம் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன்.